திரைப்புள்ளியின் நிறம்

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 ஆம் ஆண்டில் எரியூட்டப்பட்டபின், அரிய நூல்களுக்குப் படிகள் வேண்டுமென்பது பலர்க்கும் உறைத்தது. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் படமாக்கிப் பேணும் ‘நூலகம்’ எண்ணிம நூலகம் 2005 இல் தோன்றியது. அத்தகைய பக்கமொன்றைக் கணினித் திரையில் விரித்து நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு: எழுத்தின் தலைமேல் மங்கித் தெரிவது மெய்யெழுத்தின் புள்ளியோ, தாளிற் பட்ட கறையோ? கண் துணியாதவிடத்து நிறத்தை எண்ணாகப் பெற்று ஒப்பிட முயல்வர் செய்நிரல் வல்லோர்.

விண்டோஸ் இயங்குதளத்தில் ‘கெற்பிக்சல்’ என்னுஞ் செயற்கூறு இதற்கென உளது. இடப்பக்க மேல்மூலையிலிருந்து வலமாக எத்தனையாவது, கீழாக எத்தனையாவது என இரண்டு எண்களைக் கொடுப்பின், அவ்விடத்து நிறத்தை அது ஒரே எண்ணாக விடுக்கும். பழுப்பேறிய தாளின் ஓரிடம் 9880798 என விடை தந்ததெனக் கொள்க. இதனை 256 ஆல் வகுக்க மீதி 222; அது சிவப்பு. ஈவாகிய 38596 ஐ மீண்டும் 256 ஆல் வகுக்க மீதி 196, அது பச்சை. எஞ்சிய ஈவு 150 நீலம். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை செல்லுமாதலின் நிறங்கள் மொத்தம் 16,777,216 ஆகும். வலைப்பக்கம் எழுதுவோர் நிறத்தைக் குறிக்குங்கால் சிவப்பை முதலில் வைப்பர். அவ்வழக்கை இங்குங் கொண்டு வரிசை மாற்றிப் படிப்பின் பழுப்புத் தாள் நீலத் தாளாகிவிடும். புதிதாகப் பயில்வார் இடறும் இடம் இஃதே. திரைக்கு அப்பாற்பட்ட இடத்தைக் கேட்பின் 4294967295 வரும். அது நிறமன்று, விடையின்மைக்குக் குறி.

ஆயின் இவ்வெண் எதனைக் கூறுகின்றது என்பதே ஈண்டுக் கருதற்பாலது. கண்ணை எட்டும் ஒளியை அது அளந்ததில்லை. இந்நிறத்தைக் காட்டுக எனத் திரைக்கு விடுத்த கட்டளையையே அது திருப்பிச் சொல்கின்றது. திரையின் பின்விளக்கைப் பாதியாகக் குறைப்பினும் எண் மாறாது. கண்ணுக்கோ பக்கமே இருண்டுவிடும். பக்கத்தின்மேல் வேறொரு சாளரம் வந்து மூடின், பெறப்படும் நிறம் அச்சாளரத்துக்கு உரியது. இவற்றினும் பொல்லாதது பக்கத்தைச் சிறுப்பித்துக் காட்டுதல். அப்போது அயலயலான நிறங்கள் ஒன்றாகக் கலக்கப்படும். மெய்யின் தலையிலிருந்த கரும்புள்ளி, மையுமன்றித் தாளுமன்றி இடைப்பட்ட சாம்பலாய் நிற்கும். ‘க்’ என்பது ‘க’ எனப் படிக்கப்படும். இயந்திரம் பொய் சொல்லவில்லை. கேட்ட இடந்தான் பிழை.

திரையைக் கேட்டற்கு உரிய இடமும் உண்டு. திரையிற் கண்ட நிறத்தையே மீண்டுந் தீட்ட விழையும் ஓவியர்க்கு அஃது உற்ற துணை. பழம்பக்கத்தை ஆராய்வாரோ படக்கோப்பையே திறந்து கேட்டல் வேண்டும். வருடி பதிந்த நிறவெண்கள் அங்கேயே உள. இடங்குறைக்க நெருக்கிச் சேமித்த கோப்பாயின் அவையுஞ் சிறிது திரிந்திருக்கக் கூடும். காலமும் மிஞ்சும்: அகலத்தில் 1920, உயரத்தில் 1080 எனப் புள்ளிகள் கொண்ட திரையை ஒவ்வொன்றாக வினவின் 2,073,600 முறை வினவல் வேண்டும், கோப்பையோ நினைவகத்தில் ஒருங்கே ஏற்றி வரிவரியாகப் படித்துவிடலாம்.