மெரினாக் குதிரைகளின் குறும்புகள்

மாலையில் திருவல்லிக்கேணியிலிருந்து மெரினாவுக்குச் செல்வோர், அங்கே சவாரிக்கு நிற்கும் குதிரைகளைக் கண்டிருப்பர். ஒன்றுபோலத் தோன்றினும் ஒவ்வொன்றின் குணமும் வேறு.

சேணத்தின் வாரை இறுக்கும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும் குதிரைகள் உண்டு. ஏமாந்தவர் ஏறி அமர்ந்ததும் சேணம் ஒருபுறம் சரியும். பழகிய குதிரைக்காரரோ நாலடி நடக்கவிட்டு மீண்டும் இறுக்குவார். போகும்போது சோம்பித் திரும்பும்போது மட்டும் விரையும் குதிரைகளும் உண்டு, கொள்ளு காத்திருக்கிறதல்லவா! ஆனால் எல்லாம் குறும்பன்று. வாரைக் கண்டதும் முகம் சுளிக்கும் குதிரைக்கு உடலில் வலியும் இருக்கக்கூடும். வாய்திறந்து சொல்ல இயலாதவரைப் பேணும் குடும்பத்தார் இதனை எளிதில் உணர்வர்.

காதுகள் முன்நோக்கினால் ஆர்வம். பின்னே மடிந்து ஒட்டினால் சினம். அப்போது குழந்தைகளை அருகே விடாதீர்கள். நேர் பின்புறம் நிற்பவர் குதிரையின் கண்ணுக்குத் தெரியார். ஆகவே தோள்பக்கமாக அணுகுங்கள். விளையாட்டாகக் கடித்தாலும், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் வாருங்கள். வெறிநாய்க்கடி நோய் குதிரைக் கடியாலும் வரக்கூடும்.

அஞ்சி ஒதுங்கவும் வேண்டா. போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல், பிறர் துணையுடன் ஏறி இறங்கியும், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். காலால் ஏவ இயலாத அவருடைய உடலசைவையே கட்டளையாகக் கொண்டு நடந்த குதிரையின் பெயர் ஜூபிலி.