சாவிக்கு அடியில் இருப்பது

“சம்மாந்துறையில் நெல் விளைந்தால் கல்முனைச் சந்தையில் அரிசி மலியும்.”

இந்த ஒரு வசனத்தைக் கணினியில் பாமினி எழுத்துருவில் தட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஏழு சொற்கள்தான். ஆனால் அவற்றில் 11 இடங்களில் புள்ளி வருகிறது, எண்ணிப் பாருங்கள். பாமினியில் புள்ளி இருப்பது ஆங்கில அரைப்புள்ளிக்குரிய சாவியில். அது வலது கைச் சின்னவிரல் தங்கும் இடம். ‘வி’, ‘ரி’ போன்ற எழுத்துகளின் அரைவிசிறியும் அதற்கு மேலுள்ள சாவியில் அதே விரலுக்கே வைக்கப்பட்டுள்ளது. அது இந்த வசனத்தில் 6 தடவை. ஆக, கையிலே மிக மெலிந்த விரல் ஒரு வசனத்துக்கு 17 முறை குத்தவேண்டும். தமிழ் தட்டுகிறவர்களின் சின்னவிரல் நோவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

என் சாச்சியின் மூத்த மகள், நாங்கள் ராத்தா என்று அழைப்பவர், ஒரு டைப்செட்டிங் கடையில் பக்கக் கணக்குக்கு வேலை செய்கிறார். கல்யாணக் கார்ட், காணி உறுதி, தவணைப் பரீட்சை வினாத்தாள் என்று எல்லாம் அவர் கையால் போகின்றன. கடந்த வருடம் அவருடைய சாவிப்பலகையில் புள்ளிச் சாவி மட்டும் வேலை செய்யாமற் போனது. மற்றச் சாவிகள் அனைத்தும் நன்றாகவே இருந்தன. இருந்தும் முழுப் பலகையையும் எறிந்துவிட்டுப் புதிது வாங்கவேண்டி வந்தது. அந்தக் காசும் அவருடைய கூலியில்தான் கழிந்தது. ஒரு சாவி பழுதானால் ஒரு சாவியை மாற்ற முடியாதா என்று அன்று எனக்குள் எழுந்த கேள்விதான் இந்தக் கட்டுரை. விடை, சாவிக்கு அடியில் இருக்கிறது.

முதலில் ஒரு சொல் விளக்கம். சாவிப்பலகையை விசைப்பலகை என்றும் எழுதுவார்கள். பௌதிகம் படிக்கும் எங்களுக்கோ விசை என்றால் நியூற்றனில் அளப்பது. இங்கே இரண்டும் சேர்ந்து வரப்போவதால், விரல் படுவதைச் சாவி என்றும், அதன் கீழே மின்சுற்றை மூடுவதை ஆளி என்றும் சொல்கிறேன்.

ஆளி வருவதற்கு முன் தட்டச்சுப் பொறி இருந்தது. 247 எழுத்துகளை அத்தனை சிறிய பலகையில் எப்படி அடக்குவது என்பதுதான் தமிழில் பொறி செய்ய முனைந்தவர்களுக்கு இருந்த பெரிய சிக்கல். அதை அவிழ்த்தவர் நமது நாட்டவர். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டு பிறந்து, மலாயா சென்று தொழில் பார்த்த ஆர். முத்தையா. அவர் வடிவமைத்த பொறியை ஜேர்மனியின் திரெஸ்டன் நகரிலிருந்த சைடல் அன்ட் நௌமான் நிறுவனம் செய்து கொடுத்தது.

அவர் கண்ட வழி ‘நகரா விசை’. சாதாரணமாக ஒரு சாவியை அழுத்தினால் நெம்புகோல் வழியாக அச்சுக்கோல் எழும்பி, மை நாடாவின் மேல் அடித்து, தாளில் எழுத்தைப் பதிக்கும். உடனே தாள் தாங்கி ஓர் எழுத்தளவு இடப்பக்கம் நகரும். நகரா விசையில் அச்சுக்கோல் அடிக்கும். தாங்கி மட்டும் அசையாது. எனவே புள்ளியை அடித்தபின் ‘க’வை அடித்தால் இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து ‘க்’ ஆகிவிடும். கையால் எழுதும்போது எழுத்து முந்தி, புள்ளி பிந்தி. பொறியிலோ புள்ளி முந்தி, எழுத்துப் பிந்தி. ஒரே புள்ளிச் சாவி எல்லா மெய்களுக்கும் போதும். (ஓலை கிழிந்துவிடும் என்று பெரும்பாலும் புள்ளியே இடாமல் எழுதிய ஏட்டுக்காலத்தவர்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!)

தட்டச்சுப் பொறியில் விரலுக்குச் சந்தேகம் கிடையாது. அடித்தால் சத்தம் கேட்கும், எழுத்துத் தாளில் விழும். மருதமுனைக் கைத்தறியில் நாடா மறுபக்கம் போய்ச் சேர்ந்ததைக் காது சொல்வதுபோல. கணினியில் அப்படியல்ல. சாவி ஒரு மின்சுற்றை மூடுகிறது, அவ்வளவே. எந்தக் கணத்தில் மூடியது என்பது விரலுக்குத் தெரியாது. தெரியாததால் நாம் அடிமட்டம் வரை ஓங்கிக் குத்துகிறோம். 1970களிலும் 1980களிலும் ஆளி வடிவமைத்தவர்கள் மண்டையைப் போட்டு உடைத்தது இதற்காகத்தான்: எழுத்துப் பதிவாகும் இடத்தை விரலுக்கு எப்படி அறிவிப்பது?

இதற்கு வந்த விடைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஐ.பீ.எம். நிறுவனத்தின் மடங்கும் வில். ரிச்சர்ட் ஹரிஸ் என்பவர் பெயரில் 1978இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பு, 1981இல் வந்த ஐ.பீ.எம். பீ.சி.யின் ‘மொடல் எப்’ சாவிப்பலகையில் இருந்தது. சாவியின் கீழே ஒரு சுருளிவில் நிற்கிறது. அழுத்த அழுத்த அது சுருங்கி எதிர்க்கிறது. இதுவரை ஊக்கின் விதி. ஒரு கட்டத்தில் வில் இனிமேல் நேராக நிற்க முடியாமல் சட்டென்று ஒரு பக்கம் மடங்குகிறது. அந்த நொடியில் எதிர்ப்பு குறைந்து, வில் பக்கச் சுவரில் அடித்து ‘டிக்’ என்கிறது. அதே அசைவில் அடியிலுள்ள சிறு தகடு சரிந்து கொள்ளளவத்தை மாற்ற, எழுத்துப் பதிவாகிறது. விரல் உணர்வது, காது கேட்பது, கணினி அறிவது மூன்றும் ஏறத்தாழ ஒரே கணம். பாடப்புத்தகத்தில் வில் என்றாலே F = kx என்று பழகிய எனக்கு, அந்தச் சமன்பாடு உடையும் இடத்தில்தான் பயன் இருக்கிறது என்பது வியப்பாக இருந்தது.

எங்கள் ஊரில் கணினி திருத்துமிடம் ஒன்றின் மூலையில் இவ்வகைப் பழைய பலகையொன்று தூசு படிந்து கிடந்தது. கேட்டு வாங்கி ஒரு சாவி மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே நெல்மணி பருமனில் ஒரு வில். விரலால் தொட்டதும் சாய்ந்து ஆடியது. அது 1980களின் நடுப்பகுதியில் வந்த ‘மொடல் எம்’ வகை. அதில் வில் அப்படியே இருக்க, செலவைக் குறைப்பதற்காக அடியில் கொள்ளளவித் தகட்டுக்குப் பதிலாக மென்படலத்தை வைத்துவிட்டார்கள். பழையது என்றாலே திருத்த இலகு என்று நினைத்துவிடவும் கூடாது. மொடல் எம்மின் உள்பாகங்களை இணைப்பவை பிளாஸ்டிக் தறையாணிகள். வயதானால் அவை ஒவ்வொன்றாக முறியும். பிறகு துளையிட்டு இரும்பு ஆணி பூட்டவேண்டும்.

இன்று “மெக்கானிக்கல் கீபோட்” என்று கடைகளில் சொல்வது பெரும்பாலும் வேறொரு மரபில் வந்தது. 1980களின் முற்பகுதியில் ஜேர்மனியின் செரி நிறுவனம் கொண்டுவந்த எம்.எக்ஸ். ஆளியும் அதன் வழிவந்தவையும்தான் அவை. இதன் உள்ளே இரண்டு உலோக இதழ்கள் ஒன்றையொன்று தொடத் துடித்து நிற்கின்றன. நடுவிலுள்ள தண்டின் கால்கள் அவற்றைப் பிரித்து வைத்திருக்கின்றன. சாவியை அழுத்தத் தண்டு இறங்கும், கால்கள் விலகும், இதழ்கள் தொட்டுக்கொள்ளும். மொத்தப் பயணம் 4 மில்லிமீற்றர். தொடுகை நிகழ்வது 2 மில்லிமீற்றரில். அதாவது பாதி வழியிலேயே எழுத்துப் பதிவாகிவிடும். மீதிப் பாதி விரலுக்குத் தரப்பட்ட சலுகை.

தண்டுக் காலின் வடிவத்தை மாற்றினால் ஆளியின் குணமே மாறிவிடும். கால் வழுவழுப்பான சரிவாக இருந்தால் எந்தத் தடையும் இன்றி இறங்கும்; கறுப்பு நிறத் தண்டு அந்த வகை, 60 சென்ரிநியூற்றன். காலில் ஒரு சிறு மேடு வைத்தால், பதிவாகும் இடத்தை விரல் ஒரு தடங்கலாக உணரும். கபில நிறம் அது. நீல நிறத்தில் தண்டு இரண்டு துண்டு. உள்ளே ஒரு சிறு வெள்ளை உறை இதழின் தள்ளுதலால் திடீரென்று கீழே பாய்ந்து ‘டிக்’ என்று ஒலிக்கும். நிறத்தைப் பார்த்தே குணத்தைச் சொல்லும் வழக்கம் இதனால் பரவியது. ஒரு சென்ரிநியூற்றன் என்பது ஏறத்தாழ ஒரு கிராம் படியின் நிறை. எனவே 60 என்றால் 60 கிராமை விரல் நுனியில் தாங்குவதாக எண்ணிக்கொள்ளலாம்.

ஜப்பானின் அல்ப்ஸ் நிறுவனம் ஒலிக்கும் தொடுகைக்கும் தனித்தனி உறுப்பு வைத்தது. மின்தொடுகை ஒரு மூடிய தகட்டுக்குள் இருக்கும்; பக்கத்தில் ஒரு மெல்லிய உலோக இலை தனியே நின்று மேட்டையோ ஒலியையோ தரும். 1987இல் வந்த அப்பிள் எக்ஸ்டென்டெட் சாவிப்பலகை இவ்வகை ஆளியைக் கொண்டது. தொட்டவர்கள் இதன் மென்மையைப் புகழ்வார்கள். ஆனால் தூசு புகுந்துவிட்டால் வழுக்கிப் போன தண்டு உரசி உரசி இறங்கும். மணற்காற்று வீசும் எங்கள் கரையோரத்துக்கு இது பொருந்தாது என்பது என் எண்ணம்.

உலோகம் உலோகத்தைத் தொடும் எந்த ஆளியிலும் இன்னொரு தொல்லை உண்டு. தொட்டவுடன் இதழ்கள் சில மில்லிசெக்கன்களுக்குத் துள்ளும். விரல் ஒரு தடவை அழுத்தினாலும் மின்சுற்று பல தடவை மூடித் திறக்கும். கணினி கொஞ்சம் பொறுத்திருந்து இதை வடிகட்டுகிறது. ஆளி தேய்ந்துபோனால் துள்ளல் நீளும். ‘ல்’ என்று அடிக்க ‘ல்்’ என்று இரட்டைப் புள்ளி விழும்.

தொடுகையே இல்லாத ஆளிகளும் இருந்தன. எட்வின் ஹோல் 1879இல் கண்டறிந்த விளைவை நாம் உயர்தரப் பௌதிகத்தில் காந்தப்புலப் பகுதியில் படிக்கிறோம், கணக்குச் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஹனிவெல் நிறுவனத்தின் மைக்ரோ சுவிட்ச் பிரிவு 1960களின் இறுதியில் அதைச் சாவிக்கு அடியில் வைத்தது. தண்டில் ஒரு சிறு காந்தம். அடியில் ஹோல் உணரி. காந்தம் நெருங்க வோல்ற்றளவு மாறும். தேய்வதற்கு அங்கே எதுவும் இல்லை, துள்ளலும் இல்லை. விலைதான் எட்டாதது. இதற்கு நேர்மாறாக, கீ ட்ரொனிக் நிறுவனத்தின் பலகைகளில் ஒவ்வொரு சாவியின் கீழும் ஒரு பஞ்சும் உலோகத்தாளும் ஒட்டப்பட்டிருந்தன. மலிவு, மௌனம். ஆனால் பஞ்சு வயதாகிப் பொடியாகிவிடும்.

இனி நம் வீடுகளிலும் கடைகளிலும் இருப்பதற்கு வருவோம். மென்படலச் சாவிப்பலகையைக் கழற்றினால் தனி ஆளி ஒன்றுகூட இருக்காது. மூன்று பிளாஸ்டிக் தாள்கள். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்கடத்தும் மையால் அச்சிட்ட கோடுகள். நடுத் தாளில் துளைகள். அதன் மேலே இறப்பர் குமிழ்கள். சாவியை அழுத்தக் குமிழ் அமிழ்ந்து, மேல் தாளைத் துளை வழியே கீழ்த் தாளுடன் ஒட்டவைக்கிறது. இது நடப்பது பெரும்பாலும் பயணத்தின் முடிவில். குமிழ் அமிழும் இடத்தை விரல் உணர்வது உண்மை. ஆனால் அங்கே எழுத்து இன்னும் பதிவாகியிருக்காது, அடி தொடவேண்டும். சின்னவிரல் ஒரு வசனத்துக்கு 17 முறை தரையில் முட்டுவது இதனால்தான்.

குமிழ்த்தாள் முழுவதும் ஒரே வார்ப்பு என்பதால் புள்ளிச் சாவியின் குமிழ் களைத்துப்போனால் அதை மட்டும் மாற்ற வழியில்லை. வியர்வையோ தேநீரோ உப்புக் காற்றின் ஈரமோ உள்ளே இறங்கி அச்சுக் கோட்டை அரித்தால், பிளாஸ்டிக் தாளில் ஈயப் பற்று வைக்கவும் முடியாது, தாள் உருகிவிடும். ராத்தாவின் பலகைக்கு நடந்தது இதுவே. மலிவாகச் செய்தவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த மலிவால்தான் எங்கள் வீடுகளுக்கும் கணினி வந்தது. ஆனால் நாள் முழுவதும் தட்டிப் பிழைப்பவரும் வாரத்துக்கு ஒரு கடிதம் தட்டுபவரும் ஒரே பொருளை வாங்குவது எப்படிச் சரியாகும்?

எம்.எக்ஸ். வகையில் ஒவ்வோர் ஆளியும் இரண்டு மின்முனைகளால் சுற்றுப்பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். பற்றை உருக்கி, பழையதைப் பிடுங்கி, புதியதை வைக்கலாம். வானொலி திருத்தத் தெரிந்த எவருக்கும் சில நிமிட வேலை. அதிகம் பாவிக்காத சாவி ஒன்றின் ஆளியைக் கழற்றிப் புள்ளிக்கு வைத்துவிடலாம், செலவே இல்லை. செரியின் காப்புரிமைக் காலம் முடிந்தபின் சீன நிறுவனங்கள் அதே அளவில் ஆளிகள் செய்வதால் விலையும் முன்போல் இல்லை. வாங்குவதென்றால் தமிழ் தட்டுபவர்களுக்கு என் சிபாரிசு கபிலம். நீலம் விரலுக்கு நல்லது. பக்கத்தில் இருப்பவருக்கு நல்லதல்ல. புள்ளியையே இடது சுட்டுவிரலுக்கு மாற்றிய தமிழ்99 முறைக்குப் போவது இன்னொரு வழி. ஆனால் பாமினியில் பழகிய கையை மாற்றுவது ஆளியை மாற்றுவதைவிடக் கடினம் என்று ராத்தா சொல்கிறார்.

பௌதிக ஆய்வுகூடத்துச் சிறு படிகள் கிடைத்தால் உங்கள் வீட்டுச் சாவிப்பலகையையும் அளக்கலாம். சாவியின் மேல் படிகளை ஒவ்வொன்றாக மெதுவாக அடுக்குங்கள். திரையில் எழுத்து விழும் கணத்தில் நிறுத்தி, கிராமைக் கூட்டுங்கள். முதலில் புள்ளிச் சாவி. அடுத்து, நீங்கள் அதிகம் தொடாத ஒரு சாவி. இரண்டுக்கும் இடையே வித்தியாசம் தெரிந்தால், அது அந்தச் சின்னவிரல் இத்தனை நாளாகக் குத்திய குத்துகளின் கணக்கு.