அறுந்த நரம்பும் தீய்ந்த தோசைக்கல்லும்

மாவு பதமாகப் புளித்திருக்கிறது. பழகிய கல்லில் ஊற்றினால் தோசை அலுங்காமல் எழும்பி வருகிறது. அதே மாவை, நடுவில் தீய்ந்த கல்லில் ஊற்றினால் அந்த இடத்தில் ஒட்டிப் பிய்ந்துபோகிறது. யாரும் மாவைக் குறை சொல்வதில்லை. தண்டுவடக் காயத்தைப் பற்றி இங்கிலாந்து நரம்பியல் அறிஞர் ஜெஃப்ரி ரைஸ்மன் (1939–2017) வாழ்நாள் முழுக்க வாதாடியதும் ஏறக்குறைய இதைத்தான்.

ஒரே மாவு, இரண்டு கல்

தொடுவுணர்வைச் சுமக்கும் நரம்புச் செல்லுக்கு இரண்டு கிளைகள். ஒன்று கைகால்களுக்குப் போகிறது, மற்றொன்று தண்டுவடத்துக்குள் நுழைகிறது. கையில் அறுந்த கிளை நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் மீண்டும் வளரும். தண்டுவடத்துக்குள் அறுந்ததோ காயத்தின் விளிம்பைத் தாண்டாது. செல் ஒன்றுதான், வளர்கிற தளம்தான் வேறு.

வளர்ந்த மூளையில் புது இணைப்பே உண்டாகாது என்பது அக்காலப் பாடம். ஆக்ஸ்ஃபோர்டில் எலி மூளையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த ரைஸ்மன், 1969இல் அதை மறுத்தார். ஒரு நரம்பிழைக் கூட்டத்தை வெட்டினால், காலியான இணைப்பிடங்களைப் பக்கத்து இழைகள் வந்து பிடித்துக்கொள்கின்றன என்று காட்டினார். மாவு நல்ல மாவுதான்.

தீய்ந்த இடம்

அப்படியானால் தடை எது? காயம் பட்டதும் ஆஸ்ட்ரோசைட் என்னும் துணைச் செல்கள் நெருங்கிப் பின்னிக்கொண்டு, நல்ல திசுவைக் காயத்திடமிருந்து மூடிக் காக்கின்றன. அந்தத் தழும்புதான் கல்லில் தீய்ந்த இடம். முளைவிட்டு வரும் இழை அதில் முட்டி நின்றுவிடுகிறது.

எண்ணெயும் வெங்காயமும்

தீய்ந்த கல்லைச் சுரண்டிவிட்டு, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துப் பழக்குவோம். நரம்புக்கு அப்படித் தேய்க்க எதை எடுப்பது? ரைஸ்மன் மூக்கைப் பார்த்தார். மணம் அறியும் நரம்புச் செல்கள் வாழ்நாளெல்லாம் செத்துச் செத்துப் புதிதாகப் பிறக்கின்றன. புது இழைகள் வளர்ந்த மூளைக்குள்ளேயே நுழைந்து இணைகின்றன. அவற்றைப் போர்த்தி உடன் செல்பவை முகர்வு உறைச் செல்கள். அவை பக்கத்தில் இருந்தால் ஆஸ்ட்ரோசைட்டுகள் விலகி வழிவிடுகின்றன. 1985இல் ரைஸ்மன் இந்த அமைப்பை விவரித்து, இழைகள் நுழைய முடிவதற்கு இதுவே காரணமாகலாம் என்றார்.

1997இல் அவருடைய குழு, தண்டுவடப் பாதை ஒன்று வெட்டப்பட்ட எலிகளுக்கு இந்தச் செல்களைச் செலுத்தியது. இழைகள் காயத்தைக் கடந்து வளர்ந்தன. செயலிழந்த முன்னங்காலை எலிகள் மறுபடி நீட்டி உணவை எடுத்தன.

மனிதரிடம் 2012இல் போலந்தின் விரோட்ஸ்வாஃப் நகரில் அறுவை மருத்துவர் பாவெல் தபாகோவின் குழு இதைச் செய்து பார்த்தது. கத்திக்குத்தில் தண்டுவடம் ஏறக்குறைய முழுதும் அறுந்து, மார்புக்குக் கீழே செயலிழந்தவர் நோயாளி. மூளையில் மண நரம்புகள் வந்து சேரும் அவருடைய இரண்டு முகர்வுக் குமிழ்களில் ஒன்றை எடுத்து, அதிலிருந்த செல்களை இரண்டு வாரம் ஆய்வகத்தில் வளர்த்தார்கள். கிடைத்தது சுமார் 5 லட்சம். காயத்துக்கு மேலும் கீழும் ஏறக்குறைய நூறு நுண்ணிய ஊசிகளாக அவற்றை ஏற்றினார்கள். நடுவே இருந்த 8 மில்லிமீட்டர் இடைவெளியில் கணுக்காலிலிருந்து எடுத்த நரம்புக் கீற்றுகள் நான்கை வைத்தார்கள். ஆறு மாதத்தில் காலுக்குத் தாங்கி கட்டி, இணைகம்பிகளைப் பிடித்து, உதவியோடு அவர் அடியெடுத்து வைத்தார்.

ஒப்புமை எங்கே நிற்கும்?

வெங்காயத்தைத் தேய்த்ததும் தூக்கிப் போட்டுவிடுகிறோம். இந்தச் செல்களோ அங்கேயே தங்கி இழைகளைப் போர்த்தும். தோசை கல்லைவிட்டு எழும்பினால் வேலை முடிந்தது. இழையோ தழும்பைத் தாண்டிய பிறகு தனக்குரிய செல்லைத் தேடிச் சேர வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 2014இல் வெளியான அந்த வெற்றி ஒரே நோயாளியுடையது. அவர் நாள்தோறும் பல மணி நேரம் கடும் பயிற்சி செய்தவர். நரம்புக் கீற்றும் வைக்கப்பட்டது. பலன் செல்லால் வந்ததா, கீற்றாலா, பயிற்சியாலா என்று ஒருவரை வைத்துப் பிரித்தறிய முடியாது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் மூக்கிலிருந்து எடுத்த செல்களை மூவருக்குச் செலுத்தி மூன்றாண்டு கவனித்ததில் பாதுகாப்பு உறுதியானது, அசைவு திரும்பவில்லை. ஆகவே செல் சிகிச்சையால் நடக்கவைப்போம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அதே பயிற்சியைச் செய்து, செல் மட்டும் பெறாதவர்கள் எவ்வளவு தேறினார்கள்?