வியாபாரம் ஆகும் முகங்கள்

சியோல் சின்னத்திரை – 11

2025 ஜனவரி 4ஆம் தேதி டிவிஎன் சேனலில் ‘வென் த ஸ்டார்ஸ் காசிப்’ தொடங்கியது. விண்வெளி நிலையத்தில் நடக்கும் காதல் கதை. நாயகன் லீ மின்-ஹோ, நாயகி கோங் ஹியோ-ஜின். செலவு 5,000 கோடி வோன் என்று கொரியப் பத்திரிகைகள் எழுதின. நம் கணக்கில் ஏறத்தாழ 300 கோடி ரூபாய். முதல் வாரம் 3 சதவீதத்தைத் தாண்டிய ரேட்டிங், அதன் பிறகு 2 சதவீதத்தை ஒட்டியே கிடந்தது. பதினாறு எபிசோடும் முடியும்வரை தலைதூக்கவே இல்லை.

அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்னால் லீ மின்-ஹோவின் ‘தி கிங்: எடர்னல் மோனார்க்’ 11 சதவீதத்தில் தொடங்கி, பிறகு இறங்கியது. அப்படியிருந்தும் இவ்வளவு பெரிய தொகையை எந்தத் துணிச்சலில் அவர் பெயரை நம்பிப் போட்டார்கள்? இப்படிக் கேட்க இன்னும் பல பெயர்கள் இருக்கின்றன. பார்ப்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயமான கேள்விதான். ஆனால் நாயகனை முடிவுசெய்கிறவர்கள் பார்க்கும் கணக்கில் ரேட்டிங் கடைசியில் வருகிறது. பல சமயம் அது வருவதற்குள் கணக்கே முடிந்துவிடுகிறது.

கொரியாவில் பெரும்பாலான தொடர்களை எடுப்பது சேனல் அல்ல. வெளித் தயாரிப்பு நிறுவனம். செலவில் ஒரு பங்கைத்தான் சேனல் கொடுக்கும். மிச்சத்தைத் தயாரிப்பாளர் வெளிநாட்டு உரிமையை விற்றும், தொடருக்குள் பொருட்களைக் காட்டும் விளம்பரத்திலும், பாடல் வருமானத்திலும் தேற்ற வேண்டும். முதல் இரண்டும் பெரும்பாலும் படப்பிடிப்புக்கு முன்பே பேசி முடிக்கப்படுபவை. அந்த நேரத்தில் வாங்க வருபவரிடம் காட்ட என்ன இருக்கும்? முதல் சில எபிசோடுகளின் ஸ்கிரிப்ட், எழுத்தாளர் பெயர், ஜோடியின் பெயர். டோக்கியோவிலோ மணிலாவிலோ இருக்கும் வியாபாரிக்கு ஸ்கிரிப்டை எடைபோடுவது கடினம். முகத்தை எடைபோடுவது சுலபம். அந்த முகத்துக்குத் தன் ஊரில் எத்தனை பேர் டிக்கெட் வாங்கி ரசிகர் சந்திப்புக்கு வந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

இந்தப் பழக்கத்துக்கு விதை போட்டது ‘விண்டர் சொனாட்டா’. 2002இல் கேபிஎஸ்ஸில் வந்த தொடர், அடுத்த வருடம் ஜப்பானின் என்ஹெச்கே வழியாக அங்கே போனது. 2004 ஏப்ரலில் அதன் நாயகன் பே யோங்-ஜுன் டோக்கியோ ஹனேதா விமான நிலையத்தில் இறங்கியபோது வரவேற்கத் திரண்டவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்கள். ஒரு நடிகரின் முகத்தை நாடு விட்டு நாடு விற்கலாம் என்பதைக் கொரியத் தயாரிப்பாளர்கள் அன்று கண்ணால் பார்த்தார்கள். பத்து வருடம் கழித்து அதே கதை சீனாவில். ‘பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்’, ‘த ஹெயர்ஸ்’ தொடர்களால் அங்கே வீடு வீடாகத் தெரிந்த லீ மின்-ஹோ, 2014இல் சீன அரசுத் தொலைக்காட்சியின் புத்தாண்டு நிகழ்ச்சி மேடையில் பாடினார். அப்படிப்பட்ட பெயர் ஒரு முறை உண்டானால், உள்ளூரில் ஒரு தொடர் சறுக்கியதற்காக அழிந்துவிடுவதில்லை.

ஆனால் கணக்கு பொய்த்த காலமும் உண்டு. ‘டே ஜாங் கும்’ புகழ் லீ யங்-ஏ பல வருட இடைவெளிக்குப் பின் சின்னத்திரைக்குத் திரும்பிய ‘சைம்டாங்’, சீனாவில் ஒரே நேரத்தில் ஒளிபரப்பாக வேண்டும் என்று திட்டமிட்டு முன்கூட்டியே எடுத்து முடிக்கப்பட்ட தொடர். 2016இல் தாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பை ஏற்கக் கொரியா முடிவெடுத்ததும் கொரியத் தொடர்களுக்குச் சீனா கதவை மூடிக்கொண்டது. 2017 ஜனவரியில் தொடர் எஸ்பிஎஸ்ஸில் வந்தது. முதல் வாரம் நல்ல ரேட்டிங். பிறகு மளமளவென்று சரிவு. கதையிலும் தொய்வு இருந்தது, மறுப்பதற்கில்லை.

தொடருக்குள் விளம்பரப் பொருளைக் காட்டக் கொரியா சட்டப்படி அனுமதித்தது 2010இல். ‘தி கிங்’ தொடரில் அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். இணை உலகின் பேரரசர், வெள்ளைக் குதிரையில் நம் உலகுக்குள் வந்தவர், ஒரு கம்பெனியின் காபியைக் குடித்துவிட்டு அதன் சுவையை வசனமாகவே பாராட்டுகிறார். வேறு காட்சிகளில் கிம்ச்சி வருகிறது, முகத்தில் மாட்டும் எல்இடி முகமூடி வருகிறது. அவ்வளவு விளம்பரதாரர்கள் வந்தது லீ மின்-ஹோவுக்காகத்தான். அவரை அமர்த்தியதால் ஏறிய செலவை ஈடுகட்டத்தான் அவ்வளவு விளம்பரதாரர்களும் தேவைப்பட்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்டது கிம் உன்-சுக்கின் கதை. ‘டிசெண்டண்ட்ஸ் ஆஃப் த சன்’, ‘கோப்ளின்’ எழுதியவரின் கதை அது என்று நினைக்கும்போது மனம் வலிக்கிறது.

பணக் கணக்கு எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்பதற்கு ‘ஜிரிசான்’ நல்ல சாட்சி. 2021இல் டிவிஎன்னில் வந்தது. ‘சிக்னல்’ எழுதிய கிம் உன்-ஹீயின் ஸ்கிரிப்ட், ஜுன் ஜி-ஹியூன் நாயகி, 3,000 கோடி வோனுக்கு மேல் செலவு. சேனல் கொடுத்ததும், சீனாவின் ஐச்சியீ வெளிநாட்டு உரிமைக்குக் கொடுத்ததும் சேர்ந்து, போட்ட பணத்தில் பெரும்பகுதி ஒளிபரப்புக்கு முன்பே திரும்பிவிட்டது. இரண்டாம் எபிசோடில் 10 சதவீதத்தைத் தாண்டிய ரேட்டிங் அதன் பிறகு இறங்கியது. கிராபிக்ஸை எல்லோரும் குறை சொன்னார்கள். தயாரிப்பு நிறுவனத்தின் பங்கு விலையும் விழுந்தது. ஆனாலும் வாங்கியவர்களின் கண்ணில் ஜுன் ஜி-ஹியூனின் மதிப்பு குறையவில்லை. 2025இல் டிஸ்னி பிளஸ்ஸின் மிகப் பெரிய கொரியத் தொடர்களில் ஒன்றான ‘டெம்பஸ்ட்’ அவரை மையமாக வைத்தே வந்தது.

சாங் காங் விஷயம் சற்று வேறு. 2021இல் ஜேடிபிசியில் வந்த ‘நெவர்தெலெஸ்’ உள்ளூரில் ஒன்று, இரண்டு சதவீதம்தான். 2023 இறுதியில் எஸ்பிஎஸ்ஸில் தொடங்கிய ‘மை டெமன்’ 3, 4 சதவீதத்திலேயே ஓடியது. இரண்டையும் நெட்ஃபிளிக்ஸில் ஆசியாவெங்கும் தேடிப் பார்த்தார்கள். ‘நெட்ஃபிளிக்ஸின் மகன்’ என்றே அவருக்குக் கொரியாவில் பெயர். ரேட்டிங்கை அளக்கும் நீல்சன் கருவி மாட்டிய கொரிய வீட்டின் கூடத்தில் அவர் தோற்கிறார். அதே வீட்டுப் பெண்ணின் கைப்பேசியில் ஜெயிக்கிறார். இவரைப் போன்றவர்களைத் ‘தோற்ற நாயகன்’ என்று சொல்வது பழைய அளவுகோலின் தவறு. இன்னொன்றும் உண்டு: ஒன்றரை வருடக் கட்டாய ராணுவச் சேவைக்கு அவர் 2024 ஏப்ரலில் போனார். அந்தத் தேதி முன்னால் நிற்கும்போது, கால்ஷீட் இருக்கும்வரை எத்தனை தொடர் முடியுமோ அத்தனையையும் முடிக்கத்தான் ஏஜென்சி பார்க்கும். நல்ல ஸ்கிரிப்டுக்காகக் காத்திருக்க அந்த வயதில் நேரம் கிடைப்பதில்லை.

உள்ளூரில் தோற்றாலும் வெளிநாட்டு மார்க்கெட் உள்ள நடிகரிடம் காட்டும் இந்தப் பொறுமையால் நல்லது நடந்ததும் உண்டு. ஜி சாங்-வூக்கின் ‘ஹீலர்’ உள்ளூரில் சுமாராகப் போய் வெளிநாடுகளில் அவரைக் கொண்டாட வைத்தது. 2019இல் ‘மெல்டிங் மீ சாஃப்ட்லி’ 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கியபோது, உள்ளூர்க் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் அவரை ஓரங்கட்டியிருப்பார்கள். வெளிநாட்டு ரசிகர்களின் பலத்தில் வாய்ப்புகள் நிற்கவில்லை. 2023இல் ‘த வொர்ஸ்ட் ஆஃப் ஈவில்’ தொடரில், போதைக் கும்பலுக்குள் நுழையும் போலீஸ்காரராக, காதல் நாயகன் என்ற சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றார். அவர் நடித்ததிலேயே எனக்கு மிகப் பிடித்தது அதுதான். அடுத்து வந்த ‘வெல்கம் டு சம்டால்-ரி’ கடைசி எபிசோடில் 12 சதவீதத்தைத் தாண்டியது.

ஆனால் இந்தப் பொறுமை எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். மார்க்கெட் உள்ள நடிகருக்கு நாலு தோல்வி வரை இடமிருக்கிறது. புதுமுகத்துக்கு முதல் தோல்வியே கடைசியாகிவிடுகிறது. நாயகனின் சம்பளம் ஏற ஏற, பட்ஜெட்டில் துணை நடிகருக்கும் எழுத்தாளரின் உதவியாளருக்கும் விளக்குப் பிடிப்பவருக்கும் எஞ்சுவது குறைகிறது. தயாரிப்பாளர்கள் இதைத் தடுக்கப் பார்க்காமல் இல்லை. 2008 டிசம்பரில் அவர்களின் சங்கம், கூடுதல் எபிசோடுகளுக்குப் பெருந்தொகை வாங்கிய நடிகர் பார்க் ஷின்-யாங்கை உறுப்பினர்களின் தொடர்களில் இனி சேர்ப்பதில்லை என்று அறிவித்தது. 2011 ஜனவரியில் எஸ்பிஎஸ்ஸின் ‘சைன்’ தொடரில் அவரே நாயகன்.

வேறு வழியிலும் வெல்லலாம் என்பதற்கு ‘எக்ஸ்ட்ராடினரி அட்டர்னி வூ’ போதும். அதிகம் பேர் கேள்விப்பட்டிராத ஈஎன்ஏ சேனலில் 2022இல் 0.9 சதவீதத்தில் தொடங்கி 17.5 சதவீதத்தில் முடிந்தது. நாயகி பார்க் உன்-பின் முதலில் மறுத்தும், அந்தப் பாத்திரத்துக்கு அவர்தான் என்று ஏறத்தாழ ஒரு வருடம் காத்திருந்தார்கள். மார்க்கெட்டுக்காக அல்ல, பாத்திரத்துக்காக. ‘லவ்லி ரன்னர்’ கதை இன்னும் நெருக்கமானது. நாயகி கிம் ஹே-யூன் தயார், நாயகன் கிடைக்கவில்லை. மார்க்கெட் உள்ள பலர் மறுத்த பிறகே ஸ்கிரிப்ட் பியோன் வூ-சோக்கிடம் போனது. அதுவரை பெரும்பாலும் இரண்டாம் நாயகனாகவும் துணைப் பாத்திரங்களிலும் வந்துகொண்டிருந்தவர். 2024இல் தொடர் வந்தபோது ரேட்டிங் 6 சதவீதத்தைக் கூடத் தொடவில்லை. ஆனால் ஊரே அவரைப் பற்றித்தான் பேசியது. ஆசிய நகரங்களில் அவர் ரசிகர் சந்திப்புகளுக்குக் கூட்டம் அலைமோதியது. மறுத்தவர்களில் ஒருவர் சம்மதித்திருந்தால் இந்த முகம் நமக்குத் தெரிந்திருக்குமா?

அப்படிப்பட்ட வாய்ப்புகள் இப்போது குறைகின்றன. சேனல்கள் வார நாள் தொடர் நேரங்களை வெட்டிவிட்டன. ஓடிடிகளும் கையை இறுக்கிக்கொண்டன. பணம் இறுகும்போது வாங்குபவர் இன்னும் பயப்படுகிறார். பயந்தவர் தெரிந்த ஏழெட்டுப் பெயர்களைத்தான் கேட்கிறார். கேட்கக் கேட்க அந்த ஏழெட்டுப் பேரின் சம்பளம் ஏறுகிறது. ஏறிய சம்பளத்தால் எடுக்கப்படும் தொடர்களின் எண்ணிக்கை மேலும் குறைகிறது. பெயர்பெற்ற நடிகர்களே வேலை இல்லை என்று தொலைக்காட்சியில் வெளிப்படையாகச் சொல்லும் நிலை. எடுத்து முடித்தும் ஒளிபரப்ப நேரம் கிடைக்காமல் முடங்கிக் கிடக்கும் தொடர்களும் இருக்கின்றன. அவற்றை எடுத்தவர்களின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)