பயிலுநர் என்னும் பெயர்

கற்றல் வேறு, பயிலல் வேறு. ஆசிரியர்பாற் கேட்டதை மனத்திற் கொள்வது கற்றல். கொண்டதனை நாளும் பழகித் தன்னியல்பாக்கிக் கொள்வது பயிலல். இவ்வேறுபாட்டை முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு எடுத்துரைத்து வருகின்றேன். ஆயினும் அதன் மெய்ப்பொருளை எனக்கு உணர்த்தியவள் இலண்டன் மாநகரில் வளர்ந்த என் மருமகள். தமிழைத் தட்டுத்தடுமாறி வாசிக்கும் அப்பெண்ணிடம் ஒரு பண்டிதன் பாடங் கேட்ட கதையையே ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

2021ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒருநாள் என் தமக்கையார் தொலைபேசியில் அழுதார். மகள் உயர்தரப் பரீட்சையில் நன்கு சித்தியெய்தியிருந்தாள். பல்கலைக்கழகமும் இடமளித்திருந்தது. அவளோ அதனை வேண்டாவென்று விடுத்து, பெரியதொரு கணினித் தொழில்நுட்ப நிறுவனத்தில் வணிகத் தொழிற்பயிலுநராகச் சேரப்போவதாகச் சொல்லிவிட்டாள். அவளுடைய தந்தையார் இருபது ஆண்டுகள் எரிபொருள் நிலையத்தில் இராப்பணி செய்தவர். மகள் பட்டம் பெறும் நிழற்படமொன்று வீட்டுச் சுவரில் தொங்கவேண்டும் என்பதே அவர் கண்ட கனவு. "தம்பி, நீயாவது அவளுக்குப் புத்தி சொல்" என்றார் தமக்கையார்.

நீண்டதொரு மடல் வரைந்தேன். பட்டமில்லாதவரை உலகம் வாயிலிலேயே நிறுத்திவிடும் என்று அதில் அறுதியிட்டு எழுதினேன். இரண்டே வரியில் மறுமொழி வந்தது. "மாமா, நீங்கள் பட்டம் பெற்றவரா? அம்மா உங்களைப் பண்டிதர் என்றல்லவா சொன்னார்?" அவள் கேலி பேசினாளல்லள், அறியாமையாற் கேட்டாள். ஆயினும் அவ்வினாவுக்கு விடையெழுத என் கை எழவில்லை.

இனி, அவள் புகுந்த நெறி யாதெனக் காண்போம். இங்கிலாந்திலே தொழிற்பயிற்சி மிகப் பழையது. முதலாம் எலிசபெத் அரசியார் காலத்தில், 1563இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, ஏழாண்டு பயிலாதவன் தொழில் நடத்தலாகாது என விதித்தது. அவ்விதி 1814இல் நீக்கப்பட்டது. அதன் பின்னர் நெடுங்காலம் தச்சரும் கொல்லரும் இயந்திரம் பழுதுபார்ப்போருமே பயிலுநர் எனப்பட்டனர். எழுத்துவேலைக்கும் வாணிகத்துக்கும் அப்பெயர் பரவலாக வந்து சேர்ந்தது அண்மைக் காலத்திலேதான். 2017ஆம் ஆண்டு ஏப்ரலிலே ஐக்கிய இராச்சியத்தில் ஒரு வரி நடைமுறைக்கு வந்தது. ஆண்டுச் சம்பளச் செலவு 30 இலட்சம் பவுணைக் கடந்த நிறுவனம், கடந்த தொகையில் நூற்றுக்கு அரைப் பங்கைத் தொழிற்பயிற்சிக்கென இறுத்தல் வேண்டும் என்பது அதன் விதி. இறுத்த பொருளைத் தன் பயிலுநரின் கல்விக்கே செலவிடலாம் என்பதால் பெருநிறுவனங்கள் இத்துறையில் ஊக்கங் கொண்டன. அவ்வாண்டிலேயே ஐ.பி.எம். நிறுவனம் அமெரிக்காவிலும், பட்டம் கேளாத தொழிற்பயிற்சித் திட்டமொன்றைத் தொடக்கிற்று.

கணினி நிறுவனம் என்றதும் இயந்திரத்துக்கு ஆணை எழுதுவோரையே நாம் நினைக்கின்றோம். அவர் ஆக்கியதை விற்போர், விலை வகுப்போர், ஒப்பந்தம் வரைவோர், கணக்குப் பார்ப்போர், ஆள் சேர்ப்போர் என வேறொரு கூட்டமும் அங்கு உண்டு. வணிகப் பயிலுநர் சேர்வது இக்கூட்டத்தில். அவருக்குச் சம்பளம் உண்டு. கல்விக் கட்டணம் இல்லை. மருமகள் சேர்ந்த காலத்து விதிப்படி, வேலைநேரத்தில் ஐந்திலொரு பங்கு பாடத்துக்கென ஒதுக்கப்படவேண்டும். அஃதாவது வாரத்தில் ஒருநாள் ஆசிரியரோடு. நான்கு நாள் தொழிலோடு. முடிவிலே நிறுவனத்தைச் சாராத தேர்வாளர் ஒருவர் சோதிப்பார். வினாத்தாள் ஒன்று, செய்த பணிகளைத் தொகுத்து முன்வைத்து நேர்காணல் ஒன்று, தானே நடத்திய செயற்றிட்டத்தைப் பற்றிய விளக்கவுரை ஒன்று. அறிவு, திறன், நடத்தை என மூன்றும் அங்கே அளக்கப்படும்.

2025ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாக் காலத்தில் தமக்கையாரும் மகளும் ஊருக்கு வந்தனர். பயிற்சியை முடித்து, அந்நிறுவனத்திலேயே நிலையான பணியும் பெற்றிருந்தாள். ஒருநாள் மாலை விறாந்தையில் அமர்ந்திருந்தபோது, "பிள்ளை, அங்கே உனக்கு என்னதான் படிப்பித்தார்கள்?" என்று கேட்டேன். என் குரலில் ஏளனம் சற்றே இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

அவள் தன் முதன் மாதத்தைப் பற்றிச் சொன்னாள். கூட்டங்களில் அமர்ந்து குறிப்பெடுப்பதே அவளுக்கிட்ட பணி. முழுச்சொல் ஒன்றேனும் அவர்கள் வாயில் வாராதாம். எல்லாம் மூன்றெழுத்துக் குறுக்கங்களாம். இரவிலே அவற்றைப் பட்டியலிட்டுப் பொருள் தேடி எழுதினாளாம். நிகண்டு நெட்டுருப் பண்ணிய என் இளமைக்காலம் நினைவுக்கு வந்தது. நான் ஏளனத்தை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பின்னர்த் தன் பிழையொன்றைச் சொன்னாள். காலாண்டு முடியும் நாட்களில் விற்பனைப் பகுதியில் எல்லாரும் பரபரப்பாக இருப்பராம். அத்தகைய ஒருநாளில், வாடிக்கையாளருக்கு விலைத்தாள் அனுப்பப் புகுந்தவள், எவ்வளவுக்குக் குறைத்துக் கொடுக்கலாம் என்று நிறுவனத்தார் தமக்குள் வகுத்து வைத்த கணக்கை அனுப்பிவிட்டாள். பத்தொன்பது வயதுப் பெண், கை நடுங்கிற்று. ஒளிக்காது மேலாளரான அம்மையாரிடம் உடனே சென்று உரைத்தாள். அவர் கடியவில்லை. அருகிருத்தி, வாடிக்கையாளருக்கு எழுதவேண்டிய மடலை அவளைக் கொண்டே எழுதுவித்தார். பின்பு, "அடுத்த மாதம் புதிய பயிலுநர் வருகின்றனர். விலைத்தாள் அனுப்பும் முறையை அவர்களுக்கு நீயே கற்பி" என்றார்.

"அதுதான் மாமா எனக்குப் பெரிய பாடம்," என்றாள் மருமகள். "சொல்லிக்கொடுக்க ஆயத்தம் செய்தபோதுதான், அந்தத் தாளில் இரண்டு நிரல்கள் எனக்கே விளங்கவில்லை என்று தெரிந்தது. ஆறு மாதமாக விளங்கினதுபோல் இருந்திருக்கிறேன்."

நான் எழுந்து உள்ளே சென்று நன்னூலை எடுத்து வந்தேன். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் அதன் பாயிரத்தில் மாணாக்கன் கற்கும் முறையை அளந்து வகுத்துள்ளார். ஆசான் உரைத்ததை அமைவுறக் கொண்டாலும் அது புலமையிற் காற்பங்கே. அவ்வினையில் ஈடுபட்டாரோடு பயில்வதால் இன்னுங் காற்பங்கு கிட்டும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வனே உரைப்பதாலேயே நிரம்பும். இதனை விளக்கியபோது அவள் வியந்து, "இந்தப் புத்தகம் எங்கள் அலுவலகத்திலல்லவா இருக்கவேண்டும்!" என்றாள். எனக்கோ வேறொன்று தைத்தது. எங்கள் வகுப்புகளில் ஆசிரியனுடைய காற்பங்கை முழுப்பங்காக்கி, அரைப்பங்கை அடியோடு மறந்துவிட்டோம். நன்னூலை நெட்டுருச் சொல்லும் மாணவனை எழுப்பி, மற்றவர்க்கு விளக்கு என்று நான் பணித்த நாட்கள் எத்தனை?

இதனாற் பல்கலைக்கழகம் வேண்டா என்பது என் துணிபன்று. நிறுவனம் தனக்கு வேண்டியதையே கற்பிக்கும். வேண்டாத நாளில் கைவிடவுங் கூடும். பயனை நோக்காது ஒரு நூலோடு ஓராண்டு வாழும் பேறு அங்கு இல்லை. அக்குறையை மருமகளே ஒப்புக்கொண்டாள். வேலையோடு பட்டமும் பெறும் தொழிற்பயிற்சி 2015 முதல் அந்நாட்டில் உண்டு. அதிற் சேர்வதா என்பதை அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. தந்தையாரின் சுவர் இன்றும் வெறுமையாகவே இருக்கின்றது. அவ்வருத்தத்தை எளிதென்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆயின், பட்டமில்லாதவரை உலகம் நிறுத்தும் வாயிலை நானும் அறிவேன். ஆசிரியரொருவரின் வீட்டுத் திண்ணையில் இலக்கணங் கேட்டு, உடன்பயின்றாரோடு வாதிட்டு, பண்டிதத் தேர்வெழுதி வந்தவன் நான். இளமையில் ஓர் அலுவலகத்திலே, "பண்டிதர் பட்டதாரி ஆவாரோ?" என்று கேட்டு என் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தனர். அன்று என்னைச் சுட்ட சொல்லையே, காலங் கடந்து, ஒரு பெண்பிள்ளையை நோக்கி நான் வீசியிருந்தேன்.

அவள் ஊர் திரும்பும் நாளிலே, நான்காண்டு கடன்பட்டிருந்த விடையை எழுதிக் கையிற் கொடுத்தேன். அதுவும் இரண்டே வரி.

"நான் பட்டம் பெற்றவன் அல்லன், பிள்ளை. உன்னைப்போல நானும் பயிலுநனே."