ஒரு கப் மைதா எத்தனை கிராம்?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அமெரிக்கக் கேக் செய்முறை ஒன்றில் இரண்டு கப் மைதா என்று போட்டிருக்கிறதாம். கிராமில் எவ்வளவு என்று கேட்கிறார். உடனே பதில் சொல்லிவிடலாம்: ஏறக்குறைய 240 கிராம். ஆனால் அந்த ‘ஏறக்குறைய’வுக்குள் நிறைய விஷயம் இருக்கிறது.

முதலில் கப். அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லிலிட்டர். ஆஸ்திரேலியாவில் 250. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப்போ ஜப்பானியரின் பழைய ‘கோ’ அளவு. பிடிப்பது 180 மில்லிலிட்டர், அதாவது 150 கிராம் அரிசி. அந்தக் கப்பால் மைதாவை அளந்து அமெரிக்கக் கேக் செய்தால் மாவில் நாலில் ஒரு பங்கு குறைந்துபோகும்.

சரியான கப்பே கையில் இருந்தாலும் பொருளுக்குப் பொருள் எடை மாறும். அமெரிக்கக் கப்பில் சர்க்கரை 200 கிராம், தேன் 340 கிராம். மைதாவோ ஒரே கப்பில் ஒரே நாளில் இரண்டு எடை காட்டும். கரண்டியால் மெல்லப் போட்டு வழித்தால் 120 கிராம்; கப்பையே டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் 140, 150 வரை போகும். அரிசிமணி தன் எடையாலேயே உருண்டு இடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். மாவுத்துகளுக்கு அந்த எடை கிடையாது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நடுவே காற்றை அடைத்தபடி நிற்கும். எங்கள் வீட்டில் மடிக்காமல் அலமாரிக்குள் எறிந்த துணி போலத்தான்: அமுக்கினால் இன்னும் பாதி கொள்ளும்.

இதைவிட எனக்குப் பிடித்த விசித்திரம் ஒன்று உண்டு: குவியல். படியில் நெல்லைத் தலைதட்டி அளப்பதும் கோபுரமாகக் குவித்து அளப்பதும் வேறு வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோபுரத்தின் கொள்ளளவு படியின் வாயைப் பொறுத்தது என்பதை அவ்வளவாக யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. தானியம் தனக்கென்று ஒரு சரிவில்தான் நிற்கும். அதை 30 பாகை என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பிடிக்கும் பாத்திரத்தின் வாய் 10 செ.மீ. அகலமானால் மேலே குவிவது சுமார் 75 மில்லிலிட்டர். அதே லிட்டரை 16 செ.மீ. வாயுள்ள தட்டையான பாத்திரமாகச் செய்தால் குவியல் 300 மில்லிலிட்டரைத் தாண்டிவிடும்! கொள்ளளவு மாறவில்லை, முத்திரை மாறவில்லை. கொடுப்பவன் மட்டும் முன்னைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறான். பழைய ஐரோப்பாவில் குடியானவர்களிடம் தானியம் வாங்கிய பிரபுக்களுக்கு இந்தக் கணிதம் நன்றாகவே தெரிந்திருந்தது. தோள் உயரத்திலிருந்து கொட்டச் சொல்லி நெருக்கியும் வாங்கினார்கள். போலந்து வரலாற்றாசிரியர் விட்டோல்ட் கூலா இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். 1789இல் பிரெஞ்சு மக்கள் அரசருக்கு அனுப்பிய குறைப் பட்டியல்களில் நாடெங்கும் ஒரே அளவு வேண்டும் என்ற கோரிக்கை திரும்பத் திரும்ப வருகிறது. மெட்ரிக் முறை அந்தக் கோபத்திலிருந்தும் பிறந்ததுதான்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லுக்கு ‘ஆடவல்லான்’ என்னும் மரக்கால், பொன்னுக்கு அதே பெயருடைய எடைக்கல். எதை முகக்கலாம், எதை நிறுக்க வேண்டும் என்பதில் அந்தக் காலத்தவருக்குக் குழப்பமே இல்லை. இன்றைய சமையல் வீடியோக்களில் ‘ஒரு டம்ளர்’ என்கிறார்கள். எந்த டம்ளர்? இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்றால் எந்தப் பாத்திரத்தாலும் அளக்கலாம், அது விகிதம். மைதாவுக்கும் வெல்லத்துக்கும் உப்புக்கும் அப்படிச் சொல்வது கேட்பவரை நட்டாற்றில் விடுவது. கல் உப்பும் தூள் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை இல்லையே. பாட்டியின் ஆழாக்கைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு, அவர் எழுதிய ‘அரை ஆழாக்கு’க் குறிப்பை வைத்துக்கொண்டு முழிக்கிற வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது. போடுவதற்கு முன்னால் அதில் ஒருமுறை அரிசியையும் பருப்பையும் தலைதட்டி நிறுத்து, கிராமைக் குறிப்பின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கலாம்.

வாசகிக்கு இன்னொன்று. கிண்ணத்தைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு மைதாவைப் போடுங்கள். சமையல் சோடாவை மட்டும் அந்தத் தராசில் போட வேண்டாம். கிராம் கிராமாகக் காட்டும் வீட்டுத் தராசு அரைத் தேக்கரண்டி சோடாவைச் சரியாகக் காட்டாது. அதற்கு அளவுக் கரண்டிதான், தலைதட்டி.