கடலுக்கு நடுவே ஒரு ரோடு: தனுஷ்கோடிக்கு மீண்டும் வழி பிறந்த கதை

ராமேசுவரம் வருகிறவர்கள் சாமி கும்பிட்டு முடித்ததும் அடுத்து கேட்கிற கேள்வி, "தனுஷ்கோடிக்கு எப்படிப் போறது?" என்பதுதான். இப்போது கார், பஸ், ஆட்டோ எதில் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் இந்த வழி திரும்பக் கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

போட் மெயில்

1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன்பிறகு சென்னையில் ரெயில் ஏறினால் நேராக தனுஷ்கோடியில் போய் இறங்கலாம். அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். பிறகு மறுபடி ரெயில் பிடித்து கொழும்பு. இதுதான் 'போட் மெயில்'. ரெயில் நிலையம், தபால் ஆபீஸ், சர்ச் என்று தனுஷ்கோடி களைகட்டி இருந்தது.

ஒரே ராத்திரியில்

1964 டிசம்பர் 22-ந்தேதி நள்ளிரவு புயல் தாக்கியது. பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரெயிலை, ஊருக்குள் நுழையும் முன்பே ராட்சத அலை வாரிச் சுருட்டியது. ரெயிலில் இருந்த 100-க்கும் மேற்பட்டோரில் ஒருவர்கூட பிழைக்கவில்லை. ஊரும் அழிந்தது. தண்டவாளமும் போனது.

பாம்பன் பாலத்தைக்கூட 46 நாளில் சரிசெய்து விட்டார்கள். ஆனால் தனுஷ்கோடிக்கு ரெயில் திரும்ப வரவே இல்லை. மனிதர்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்து விட்டது. ஆனாலும் மீனவர்கள் கடலை விட்டுப் போகவில்லை. குடிசை போட்டு அங்கேயே தங்கினார்கள்.

மணலில் வேன் பயணம்

முகுந்தராயர் சத்திரம் வரைதான் ரோடு. அதற்கு மேல் மணலும் சேறும்தான். சுற்றுலா வந்தவர்களை வேன்களில் ஏற்றி, கடல் தண்ணீருக்குள்ளேயே ஓட்டிப் போவார்கள். குலுங்கிக் குலுங்கித்தான் போய்ச் சேர வேண்டும். பிடித்த மீனை வெளியே கொண்டு வரவும், நோயாளியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரவும் மீனவர்களுக்கும் அதே மணல் பாதைதான்.

2017 ஜூலை 27-ந்தேதி பிரதமர் மோடி புது ரோட்டை நாட்டுக்கு அர்ப்பணித்தார். முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோ மீட்டர். புயல் அடித்து 52 வருஷம் கழித்து வந்த ரோடு இது. மீன் வண்டிகள் நேராக கரைக்கே வந்தன. அதேசமயம், மணலில் வேன் ஓட்டிப் பிழைத்தவர்களுக்கு சவாரி இல்லாமல் போனது.

ஆண் கடல், பெண் கடல்

அரிச்சல்முனை நோக்கிப் போகும்போது இடது பக்கம் பாக் நீரிணை. இது அலை குறைவான 'பெண் கடல்'. வலது பக்கம் மன்னார் வளைகுடா. சீறி அடிக்கும் 'ஆண் கடல்'. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் திட்டு மேல்தான் ரோடு போகிறது. மணல் அரித்துப் போகாமல் இருக்க, கம்பி வலைக்குள் பாறைகளை அடுக்கி ஓரத்தில் தடுப்பு வைத்திருக்கிறார்கள். கடல் சீற்றத்தில் அந்தத் தடுப்பும் சேதமாகிறது. அதை அவ்வப்போது சரிசெய்து கொண்டே இருந்தால்தான் ரோடு நிற்கும்.

சுற்றுலா போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு கடலும் சேருகிற அரிச்சல்முனையில் நீரோட்டம் பலமாக இருக்கும். கரையில் நின்று பார்க்கலாம், குளிக்க இறங்கக்கூடாது. இருட்டும் வரை அங்கே தங்கவும் அனுமதி இல்லை. ரோடு வந்து விட்டது என்பதற்காக கடல் மாறிவிடவில்லை.